கட்டைவிரல் அசையாத இரவு: ஒரு ஸ்கோலின் ஆப்னியா நிகழ்வு ஆய்வு

24 வயதுப் பெண், எடை 52 கிலோ. முந்தின நாள் மாலை தொப்புளைச் சுற்றி ஆரம்பித்த வலி, மறுநாள் மதியத்துக்குள் வலது அடிவயிற்றுக்கு இறங்கிவிட்டது. மூன்று முறை வாந்தி. லேசான காய்ச்சல். நாடித்துடிப்பு 104, ரத்த அழுத்தம் 112/70. ஸ்கேனில் குடல்வால் வீங்கியிருந்தது. லேப்ராஸ்கோப்பி மூலம் அன்றிரவே எடுத்துவிடலாம் என்று சர்ஜன் முடிவு செய்தார். சர்க்கரை, ஆஸ்துமா, வலிப்பு எதுவும் இல்லை. இதற்கு முன் ஆபரேஷன் எதுவும் நடந்ததில்லை.

ஸ்கோலின் என்ற தசை தளர்த்தி மருந்து போட்ட பிறகு, மணிக்கணக்கில் மூச்சு திரும்பாமல் போவதைத்தான் ஸ்கோலின் ஆப்னியா என்கிறோம். அந்தப் பெண்ணின் சம்மதத்தோடு, அடையாளம் தெரியாதபடி இதை எழுதுகிறேன். மருத்துவமனை ஒரு சிறிய ஊரில் இருப்பது. இரண்டு டேபிள் உள்ள தியேட்டர், நல்ல அனஸ்தீஷியா மிஷின் ஒன்று. தனி ஐசியூ கிடையாது. அன்று மயக்க மருந்து கொடுத்தது நான்தான்.

வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தேன். கழுத்தைப் பின்னால் சாய்க்கச் சொன்னேன். ட்யூப் போடுவதில் சிரமம் இருக்காது என்று தெரிந்தது. "வீட்டுல யாருக்காவது மயக்க மருந்துனால பிரச்சினை வந்திருக்காம்மா?" என்றும் கேட்டேன். வலியில் சுருண்டு படுத்திருந்தவள் தலையை மட்டும் ஆட்டினாள், இல்லை என்று. அப்பா அப்போது கீழே பார்மஸியில் மருந்து வாங்க நின்றுகொண்டிருந்தார். அவர் வரட்டும் என்று பத்து நிமிடம் காத்திருந்து அதே கேள்வியை அவரிடமும் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அவசர ஆபரேஷன்தான், ஆனால் பத்து நிமிடம் பொறுக்காத அவசரம் இல்லை.

மயக்கம் என்பது ஒரு மருந்து அல்ல

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு மயக்க மருந்து என்றால் ஒரு ஊசி, ஒரு தூக்கம், அப்புறம் ஒரு விழிப்பு. உள்ளே நாங்கள் செய்வது வேறு. தூங்க வைக்க ஒரு மருந்து, வலியை அடக்க ஒரு மருந்து, தசையைத் தளர்த்த ஒரு மருந்து. மூன்றும் உடம்பில் வெவ்வேறு இடத்தில் வேலை செய்கின்றன, வெவ்வேறு வழியில் வெளியேறுகின்றன. ஒன்று தீர்ந்துவிட்டதாலேயே மற்றது தீர்ந்திருக்கும் என்று சொல்ல முடியாது. இந்தக் கேஸ் முழுக்க அந்த ஒரு விஷயத்தில்தான் நிற்கிறது.

வாந்தி எடுத்தவள் என்பதால் வயிறு காலியாக இருக்கும் என்று நம்ப முடியாது. தூங்கிய பின் மாஸ்க் வைத்து மெதுவாகக் காற்றுக் கொடுத்துக்கொண்டிருந்தால் இரைப்பையில் இருப்பது மேலே வந்து நுரையீரலுக்குள் போகக்கூடும். அதனால் இப்படிப்பட்டவர்களுக்கு ஆக்சிஜனை மூன்று நிமிடம் நன்றாக ஏற்றிக்கொண்டு, மருந்துகளை ஒன்றன்பின் ஒன்றாக வேகமாகப் போட்டு, ஒரு நிமிடத்துக்குள் ட்யூபை உள்ளே வைத்துவிடுவோம்.

இரவு 9.40. முதலில் ஃபென்டனில் 100 மைக்ரோகிராம். அபின் குடும்பத்து மருந்து. வலியையும், ட்யூப் போகும்போது இதயம் படபடப்பதையும் அடக்கும். அடுத்தது புரொபோஃபால் 100 மி.கி. பால்போல வெள்ளையாக இருப்பது. சோயா எண்ணெயும் முட்டை லெசித்தினும் கலந்த குழம்பில் கரைத்திருப்பதால் அந்த நிறம். நரம்பில் ஏறும்போது கை எரியும், அதற்காக முன்னால் லிக்னோகெய்ன் என்ற மரப்பு மருந்தைக் கொஞ்சம் போடுவோம். மூளையில் காபா என்கிற அடக்கும் ரசாயனத்தின் ஏற்பியைப் பிடித்துக்கொண்டு அதன் வேலையைப் பல மடங்கு ஆக்குகிறது. கையிலிருந்து மூளைக்கு ரத்தம் போய்ச்சேரும் நேரம்தான் கணக்கு, முப்பது நாற்பது வினாடியில் பேச்சு நின்றுவிடும்.

ஒரே ஒரு ஊசியாகப் போட்ட புரொபோஃபாலின் தூக்கம் ஐந்து முதல் பத்து நிமிடத்தில் கலைந்துவிடும். கல்லீரல் அதற்குள் அதை முழுக்கச் சிதைத்துவிடுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. முதலில் மூளைக்குப் போன மருந்து, ரத்தத்தோடு தசைக்கும் பிறகு கொழுப்புக்கும் பரவிவிடுகிறது. உடம்பில் இருக்கிறது, மூளையில் போதுமான அளவு இல்லை. அவ்வளவுதான். அதனால்தான் உடனே செவோஃப்ளூரேன் போன்ற வாயு மயக்க மருந்தைத் திறந்துவிடுகிறோம்.

மூன்றாவது சக்ஸமெத்தோனியம், 75 மி.கி. எங்கள் ஊர் தியேட்டர்களில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. ஸ்கோலின் என்பார்கள். ஃப்ரிட்ஜில் வைக்கிற மருந்து. "தம்பி, ஸ்கோலின் எடு" என்றால் டெக்னீஷியனுக்குப் புரியும்.

ஸ்கோலின் மூலக்கூறு இரண்டு அசிட்டைல்கோலினை முதுகோடு முதுகு ஒட்டவைத்த மாதிரி இருக்கும். நரம்பு தசைக்குச் சொல்ல வேண்டியதை அசிட்டைல்கோலின் மூலமாகத்தான் சொல்கிறது. ஸ்கோலினும் அதே ஏற்பியில் போய் உட்கார்ந்து தசையைத் தூண்டுகிறது. ஆனால் எழுந்து போவதில்லை. அசிட்டைல்கோலினை ஒரு கண்ணிமைப்புக்குள் உடைக்கிற நொதியால் ஸ்கோலினை உடைக்க முடியாது. தசை ஒரு முறை துள்ளிவிட்டு, அடுத்த உத்தரவைக் கேட்க முடியாமல் தளர்ந்து கிடக்கிறது. அந்தத் துள்ளலைக் கண்ணால் பார்க்கலாம். இமை படபடக்கும், தோளில் சிற்றலை ஓடும், காலில் போய் முடியும். இவளுக்கும் அப்படியே ஓடியது. குரல்வளையைத் திறந்து பார்த்தேன், நாண்கள் அகலத் திறந்திருந்தன. 7 அளவு ட்யூப் உள்ளே போனது. திரையில் கார்பன் டை ஆக்சைடு அலை ஒழுங்காக எழுந்தது. செவோஃப்ளூரேனைத் திறந்தேன்.

இந்த மருந்துக்கு ஒரு பழைய கதை உண்டு. 1906-லேயே ரீட் ஹன்ட் என்பவர் இதை விலங்குகளில் சோதித்துப் பார்த்தார். ஆனால் விலங்குகளுக்கு முன்கூட்டியே குராரே கொடுத்து அசைவில்லாமல் செய்துவிட்டுத்தான் சோதித்தார். ரத்த அழுத்தம் என்ன ஆகிறது என்பதுதான் அவர் பார்க்க நினைத்தது. ஏற்கெனவே அசையாமல் கிடக்கிற உடம்பில் இன்னொரு மருந்து தசையைத் தளர்த்தினால் யாருக்குத் தெரியும்? நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அந்தக் குணம் மறைந்தே கிடந்தது. 1949-ல்தான் டேனியல் போவே குழுவினர் அதை வெளியே கொண்டுவந்தார்கள். 1951-ல் ஐரோப்பாவில் நோயாளிகளுக்குக் கொடுக்க ஆரம்பித்தார்கள்.

கண்ணுக்கு எதிரே அசையாமல் கிடப்பதற்குக் காரணம் வேறாக இருக்கலாம் என்பதை நான் அன்றிரவு நேரில் பார்த்தேன்.

அருமையான தளர்வு

ஸ்கோலின் ஒரு நிமிடத்தில் வேலை செய்து, பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும். அதனால்தான் இத்தனை பக்கவிளைவுகளோடும் அதை இன்னும் வைத்திருக்கிறோம். தசை வலி வரும், ரத்தத்தில் பொட்டாசியம் ஏறும், தீக்காயம் பட்டு நாள் ஆனவர்களுக்கும் பக்கவாதக்காரர்களுக்கும் போட்டால் இதயமே நிற்கலாம். ஆனாலும் அதன் வேகத்துக்கு ஈடாக வேறொன்று வேண்டும் என்றால் ரோக்குரோனியம் என்ற இன்னொரு தளர்த்தி மருந்தை முழு அளவில் போட வேண்டும். போட்டதைத் தேவைப்பட்டால் உடனே திருப்ப சுகமாடெக்ஸ் கையில் இருக்க வேண்டும். சின்ன மருத்துவமனைகளில் அது எப்போதும் இருப்பில் இருக்காது. அன்று எங்களிடம் இல்லை.

ஸ்கோலின் தீர்ந்து நோயாளி தானாக மூச்சு விட ஆரம்பித்த பிறகுதான் நீண்ட நேரத் தளர்த்தி மருந்தான அட்ராகூரியத்தைப் போட வேண்டும் என்று எனக்குக் கற்றுக்கொடுத்தார்கள். நேரத்தை மட்டும் பார்த்துப் போட்டுவிடுபவர்களும் உண்டு. நான் காற்றுப் பையை அழுத்துவதை விட்டுவிட்டு, நோயாளியின் மூச்சுக்காகக் காத்திருப்பவள். 9.52-க்கு மூச்சு இல்லை. 10 மணிக்கும் இல்லை. கொஞ்சம் அதிகமாகக் காற்றுக் கொடுத்து கார்பன் டை ஆக்சைடைக் குறைத்துவிட்டேனோ என்று நினைத்தேன். திரையில் 32 காட்டியது. அதோடு ஃபென்டனிலும் சேர்ந்து மூச்சைத் தாமதிக்கும். இப்படி எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன்.

சர்ஜன் சந்தோஷமாக இருந்தார். "இன்னிக்கு ரிலாக்ஸேஷன் பிரமாதமா இருக்கு மேடம்" என்றார். நான் அட்ராகூரியம் ஒரு சொட்டுகூடப் போடவில்லை என்று அவருக்குத் தெரியாது. அந்த வார்த்தை காதில் விழுந்தபோதே நான் நிமிர்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும்.

10.35-க்குத் தையல் முடிந்தது. செவோஃப்ளூரேனை மூடினேன். ஆக்சிஜனைக் கூட்டினேன்.

ஒன்பது நிமிடம்

செவோஃப்ளூரேன் ரத்தத்தில் அதிகம் கரையாத வாயு. அதனால் வேகமாக ஏறும், வேகமாக இறங்கும். நுரையீரல் வழியாகவே வெளியே வந்துவிடும். இளவயதுப் பெரியவர் ஒருவரை, கத்தி பட்டாலும் அசையாமல் வைத்திருக்க மூச்சுக்காற்றில் சுமார் 2 சதவீதம் வேண்டும். இந்த அளவைத்தான் மேக் என்கிறோம். அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே இறங்கினால் கூப்பிட்ட குரலுக்குக் கண் திறக்க ஆரம்பிப்பார்கள். 10.42-க்கு இவளுடைய மூச்சில் 0.3 சதவீதம்தான் இருந்தது. அந்நேரம் கண் விழித்து, இருமி, ட்யூபைக் கடித்திருக்க வேண்டும்.

எதுவும் இல்லை. கார்பன் டை ஆக்சைடை 48 வரை ஏறவிட்டேன். மூச்சு விடுவதற்கான முயற்சிகூட இல்லை. "கண்ணத் தொறம்மா" என்று கூப்பிட்டேன். இமை அசையவில்லை. இமையை விரலால் தூக்கி டார்ச் அடித்தேன். பாவை நன்றாகச் சுருங்கியது; ஊசிமுனை அளவாக ஏற்கெனவே சுருங்கிக் கிடக்கவில்லை. அப்படியென்றால் ஃபென்டனில் காரணம் இல்லை. ஊசி மாறிப் போட்டிருப்பேனா என்று ட்ரேயைப் பார்த்தேன். அட்ராகூரியம் சிரிஞ்ச் நிரப்பியபடி அப்படியே இருந்தது.

10.44. நாடி 76-லிருந்து 124-க்குப் போனது. ரத்த அழுத்தம் 158/96. வலது கண்ணின் ஓரத்தில் நீர் கோத்து, காதை நோக்கி ஒரு கோடாக இறங்கியது.

நரம்பைத் தூண்டிப் பார்க்கும் கருவி என் பையில்தான் இருந்தது. டெக்னீஷியன் எடுத்து வந்தான். மணிக்கட்டின் உள்பக்கம், சுண்டுவிரல் பக்கத்து நரம்பின் மேல் இரண்டு ஒட்டிகளை ஒட்டினேன். அரை வினாடிக்கு ஒன்றாக நான்கு மின்துடிப்பு கொடுக்கும். தசை நன்றாக இருந்தால் கட்டைவிரல் நான்கு முறையும் உள்நோக்கி வெட்டும். "கட்டைவிரலைப் பாரு தம்பி" என்றேன். ஒன்றுமில்லை. மின்னோட்டத்தைக் கூட்டினேன். மறுபடியும் நான்கு. "அசையவே இல்ல மேடம்" என்றான்.

அந்த நொடியில்தான் முழுக்கப் புரிந்தது. இவள் தூக்கத்தில் கிடக்கவில்லை, அசைய முடியாமல் கிடக்கிறாள். புரொபோஃபால் 50 மி.கி. கொடுத்து, செவோஃப்ளூரேனைத் திறந்தேன். நாடி இறங்கியது. காதோரம் குனிந்து, "பயப்படாதம்மா, நான் டாக்டர்தான் பேசறேன். மருந்து இன்னும் தீரலை. மூச்சை நான் பாத்துக்கறேன். இப்ப தூங்க வெச்சிடுவேன்" என்றேன். அவளுக்குக் கேட்டதா என்று அப்போது தெரியாது.

இதில் என் தவறு என்ன என்பதைச் சுற்றி வளைக்காமல் எழுதிவிடுகிறேன். நரம்புத்தூண்டியைப் பார்த்துவிட்டு செவோஃப்ளூரேனை மூடியிருக்க வேண்டும். நான் மூடிவிட்டுப் பார்த்தேன். நாடி ஏறியதும், கண்ணில் நீர் வந்ததும் முதல் வேலையாகத் தூக்க மருந்தைத் திறந்திருக்க வேண்டும். நான் முதலில் காரணத்தைத் தேடப் போனேன்.

1947-ல் அமெரிக்காவில் ஸ்காட் ஸ்மித் என்ற மருத்துவர் தன் உடம்பில் முழு அளவு குராரேயை ஏற்றச் சொல்லி, செயற்கை மூச்சில் அசைவற்றுக் கிடந்தார். தசை தளர்த்தி மருந்து மூளையையும் மங்கச் செய்கிறதா என்ற சந்தேகம் அப்போது இருந்தது. மருந்து தெளிந்த பிறகு, நடந்தது எல்லாவற்றையும் அவர் வரிசையாகச் சொன்னார். நினைவு துளியும் மங்கவில்லை, வலியும் குறையவில்லை. இதை நாங்கள் எல்லோரும் படித்திருக்கிறோம். நானும் மாணவர்களுக்குச் சொல்லியிருக்கிறேன்.

பிரிட்டனிலும் அயர்லாந்திலும் நடத்தி 2014-ல் வெளியிட்ட பெரிய ஆய்வில், முழு மயக்கத்தின்போது நினைவு இருந்ததாக நோயாளிகள் சொன்னது ஏறக்குறைய 19,000 பேரில் ஒருவர். தசை தளர்த்தி மருந்து கொடுத்தவர்களை மட்டும் எடுத்தால் 8,000-த்தில் ஒருவர். அது கொடுக்காதவர்களில் 1,36,000-த்தில் ஒருவர். அசைய முடிகிறவர் விழித்தால் கையை ஆட்டுவார், நமக்குத் தெரிந்துவிடும். இவளால் கண்ணீர் மட்டும்தான் விட முடிந்தது.

இல்லாத நொதி

ஸ்கோலினை உடைப்பது தசையில் இல்லை, ரத்தத்தில். கல்லீரல் செய்து ரத்தத்தில் விடுகிற பியூட்டிரில்கோலினெஸ்டரேஸ் என்ற நொதி. சூடோகோலினெஸ்டரேஸ் என்றும் சொல்வார்கள். அது எவ்வளவு வேகம் என்றால், கையில் போட்ட ஸ்கோலினில் பெரும்பகுதி தசைக்குப் போய்ச்சேரும் முன்பே உடைந்துவிடும். மிச்சம் கொஞ்சம்தான் வேலை செய்கிறது. அந்தக் கொஞ்சத்தை மனதில் வைத்துத்தான் நாங்கள் அளவே போடுகிறோம். நொதி இல்லாதவருக்கு அதே அளவைப் போட்டால், போட்டது முழுக்கத் தசைக்குப் போகிறது, அங்கிருந்து எடுத்துச் செல்லவும் ஆள் இல்லை. சிறுநீரில் கொஞ்சம், தானாகச் சிதைவது கொஞ்சம் என்று மணிக்கணக்கில் போகும்.

ரத்தம் எடுத்து லேபுக்கு அனுப்பினேன். நம் ஊரில் இந்தப் பரிசோதனைக்கு அலைய வேண்டியதில்லை, அதற்குக் காரணம் ஒரு துயரம். பூச்சிமருந்து குடித்து வருபவர்களுக்கு இதே நொதி அடங்கிப்போகும் என்பதால் சின்ன ஊர் லேபிலும் பார்ப்பார்கள். "பூச்சிமருந்து கேஸா மேடம்?" என்று போனில் கேட்டார் லேப் டெக்னீஷியன். இல்லை என்றதும் அவருக்கு ஆச்சரியம். 5,000-க்கு மேல் இருக்க வேண்டிய எண் 200-க்கும் கீழே வந்திருந்தது. மிஷின் கோளாறோ என்று இரண்டாம் முறை ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் கூப்பிட்டாராம்.

அப்பாவைத் தியேட்டர் வாசலுக்கு அழைத்து நடந்ததைச் சொன்னேன். உயிருக்கு ஆபத்தில்லை, மருந்து தானாகத் தீர நாலைந்து மணி நேரம் ஆகலாம், அதுவரை தூங்க வைத்து மிஷின் மூலம் மூச்சுக் கொடுப்போம் என்றேன். விட்டுப்போன கேள்வியையும் அப்போதுதான் கேட்டேன். "சார், உங்க சொந்தத்துல யாருக்காவது ஆபரேஷனுக்கு அப்புறம் எழுந்திரிக்க ரொம்ப நேரம் ஆச்சா?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "என் தங்கச்சிக்கு மேடம். ரெண்டாவது பிரசவம், ஆபரேஷன். விடியற வரைக்கும் மூச்சு வரலைன்னு மிஷின்ல வெச்சிருந்தாங்க. ரத்தம் கம்மி, வீக்கா இருக்காங்கன்னு சொன்னாங்க. அது ஆச்சு பதினஞ்சு வருஷம்." பிறகு மனைவியிடம் திரும்பித் தெலுங்கில் ஏதோ சொன்னார். அவர்கள் ஆரிய வைசிய சமூகத்தவர்கள், ஊரில் கோமுட்டிச் செட்டியார் என்பார்கள்.

நோயாளியிடம் சாதி கேட்க எனக்குக் கூச்சம் உண்டு, கேட்பதும் இல்லை. ஆனால் இந்த விஷயத்தில் அறிவியல் தெளிவாகவே இருக்கிறது. கோவை பாரதியார் பல்கலைக்கழகத்தில் பூபதியும் மனோகரனும் அமெரிக்காவின் லாக்ரிட்ஜுடன் சேர்ந்து செய்த ஆய்வில், வைசிய சமூகத்தில் இந்த நொதியின் 307-வது இடத்தில் லூசினுக்குப் பதில் புரோலின் வந்து உட்கார்ந்திருப்பதைக் கண்டுபிடித்தார்கள். 2006-ல் வெளியானது. நொதி அறவே வேலை செய்யாதவர்கள் ஐரோப்பிய, அமெரிக்க மக்களில் ஒரு லட்சத்தில் ஒருவர். இந்தச் சமூகத்தில் 24 பேரில் ஒருவர். மிகப் பல தலைமுறைகளாக உள்ளுக்குள்ளேயே மணம் முடித்துவந்ததில், முன்னோர் ஒருவரிடம் இருந்த மாற்றம் பலரிடமும் சேர்ந்துவிட்டது. அதற்காக மற்றவர்களுக்கு வராது என்று சொல்லிவிட முடியாது. எந்த வீட்டிலும் இருக்கலாம், ஸ்கோலின் போடும்வரை தெரியாது.

தெரியாததற்குக் காரணம், இது நோயே அல்ல. நொதி இல்லாமல் பிறந்து, வளர்ந்து, பிள்ளை பெற்று, முதுமை அடைந்து நிம்மதியாக வாழ்கிறார்கள். இந்த ஒரு மருந்தும், அதே வழியில் உடைகிற மிவாகூரியம் என்ற தளர்த்தி போன்ற இன்னும் சிலவும் உள்ளே வரும்போதுதான் தெரிகிறது. 1950-களில் டொரன்டோவில் வெர்னர் காலோ இதைப் பற்றித்தான் ஆராய்ந்தார். டிபுகெய்ன் என்ற மரப்பு மருந்து சாதாரண நொதியை 80 சதவீதம் அளவுக்கு அடக்கும், மாறுபட்ட நொதியை 20 சதவீதம்தான் அடக்கும் என்று காட்டினார். ஒரே மருந்து ஆளுக்கு ஆள் வேறாக வேலை செய்வதற்குப் பரம்பரை காரணமாக இருக்கலாம் என்ற பெரிய துறைக்கு இது முதல் வாசல்களில் ஒன்று. ஆனால் எங்கள் நோயாளியிடம் அந்தச் சோதனைக்கே வேலையில்லை. அடக்குவதற்கு நொதி இருந்தால்தானே.

விடியும்வரை

அருகிலிருந்த ஊர் மருத்துவர் ஒருவரிடம் போனில் பேசினேன். "நியோஸ்டிக்மின் போட்டுப் பாருங்களேன்" என்றார். இயல்பாக வருகிற யோசனைதான். அட்ராகூரியம் போன்றவற்றைத் திருப்ப அதைத்தான் போடுகிறோம். ஆனால் நியோஸ்டிக்மின் செய்வதே கோலினெஸ்டரேஸை அடக்குவது. ஸ்கோலினை உடைக்க வேண்டிய நொதியையும் சேர்த்தே அடக்கும். ஸ்கோலின் இன்னும் ரத்தத்தில் சுற்றும்போது போட்டால் தளர்வு நீளும். சுகமாடெக்ஸும் இங்கே உதவாது. அது ரோக்குரோனியம், வெக்குரோனியம் ஆகியவற்றின் மூலக்கூறைத்தான் சுற்றிப் பிடித்துக்கொள்ளும். உறைநிலை பிளாஸ்மா ஏற்றினால் அதில் நொதி இருக்கும், ஆனால் தானாகத் தீரப்போகிற ஒன்றுக்காக இன்னொருவர் ரத்தப் பொருளை ஏற்ற எனக்கு மனம் வரவில்லை. காத்திருப்பதுதான் மருத்துவம். தூங்க வைத்துக் காத்திருப்பது.

ஐசியூ இல்லாததால் தியேட்டரிலேயே வைத்துக்கொண்டோம். செவோஃப்ளூரேன் 1.5 சதவீதம். வலிக்குப் பாரசிட்டமால். இமைகளை ஒட்டி, களிம்பு தடவினோம். சிறுநீர்க் குழாய் வைத்தோம். இரண்டு போர்வை, மணிக்கு ஒரு முறை குதிகாலையும் தோளையும் தூக்கி இடம் மாற்றினோம். சிஸ்டர் ஒருவர் வீட்டுக்குப் போகாமல் கூடவே இருந்தார். பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை நான்கு துடிப்பு.

2.15-க்குக் கட்டைவிரல் முதல் முறை அசைந்தது. மிகச் சின்ன அசைவு, மேலே விரல் வைத்திருந்ததால்தான் தெரிந்தது. 3.10-க்கு நான்கும் வந்தன, ஆனால் முதலாவது பலமாக, நான்காவது சோர்ந்து. ஸ்கோலின் வழக்கமாக இப்படிக் காட்டாது. அடங்கினால் நான்கும் ஒரே அளவாக அடங்கும். மணிக்கணக்கில் தங்கிவிட்டால் அதன் குணம் மாறி, மற்றத் தளர்த்திகளைப்போல இப்படித் தேயும். இந்தக் கட்டத்தில் சிலர் நியோஸ்டிக்மின் கொடுப்பதுண்டு. நான் கொடுக்கவில்லை.

நான்கும் ஒரே பலம்போலத் தெரிந்தபோது மணி 3.50. கண்ணுக்குச் சமமாகத் தெரிவது போதாது. நான்காவது துடிப்பு முதலாவதில் பத்தில் ஒன்பது பங்காவது இருந்தால்தான் ட்யூபை எடுக்கலாம். ஆனால் பாதி அளவுக்குத் தேய்ந்திருந்தால்கூட வெறும் கண்ணுக்குப் பெரும்பாலும் பிடிபடாது. என்னிடம் இருந்தது அளந்து சொல்லும் கருவி அல்ல. அதனால் இன்னும் அரை மணி நேரம் தூங்கவிட்டேன். அப்புறம்தான் செவோஃப்ளூரேனை மூடினேன். தானாக மூச்சு வந்தது, கண் திறந்தாள், சொன்னதும் தலையைத் தூக்கி ஐந்து வினாடி வைத்திருந்தாள், என் இரண்டு விரலையும் வலிக்கிற அளவுக்குப் பிடித்தாள். 4.35-க்கு ட்யூபை எடுத்தேன். ஸ்கோலின் போட்டு ஏழு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு.

மறுநாள்

மதியம் வார்டுக்குப் போனேன். இட்லி சாப்பிட்டு முடித்திருந்தாள். நான் எதையும் எடுத்துக்கொடுக்காமல், "தூங்கறதுக்கு முன்னாடி கடைசியா என்ன ஞாபகம் இருக்கு? முழிச்சதும் முதல்ல என்ன ஞாபகம்? நடுவுல ஏதாவது?" என்று வரிசையாகக் கேட்டேன்.

நடுவில் இருந்தது. "யாரோ கட்டைவிரலைப் பாருன்னு சொன்னாங்க டாக்டர். கையில சுரீர் சுரீர்னு ஷாக் அடிச்ச மாதிரி இருந்துச்சு. கத்தணும்னு நினைச்சேன், வாய் வரலை. செத்துட்டேனோன்னு நினைச்சேன். அப்புறம் நீங்க பயப்படாதேன்னு சொன்னீங்க."

அது கனவில்லை, நீ சொன்னது அத்தனையும் நடந்தது என்று முதலில் சொன்னேன். அதை மறுக்கக் கூடாது. "உனக்கு மனப்பிரமை" என்று யாராவது சொல்லிவிட்டால், நடந்ததைவிட அது ஆழமாகக் காயப்படுத்தும். அப்புறம் ஏன் நடந்தது என்று, மூன்று மருந்துக் கணக்கையும் தாளில் வரைந்து காட்டினேன். மூடக்கூடாத நேரத்தில் மூடியது நான்தான் என்றும் சொன்னேன், மன்னிப்புக் கேட்டேன். அவள் அம்மா அழுதார். அவள் அந்தத் தாளை மடித்து வைத்துக்கொண்டாள். முதல் இரண்டு வாரம் மல்லாந்து படுத்தால் தூக்கம் வரவில்லை, விளக்கை அணைக்க விடவில்லை. வாரம் ஒரு முறை பேசினேன், ஒரு மனநல மருத்துவரையும் பார்க்கச் சொன்னேன். இரண்டு மாதத்தில் பெரும்பாலும் சரியாயிற்று.

வீட்டில் எல்லோருக்கும் நொதிப் பரிசோதனை செய்தோம். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் அளவு குறைவு, ஆனால் இருந்தது. இருவரிடமும் ஒவ்வொரு பிரதி மாறியிருக்க வேண்டும். அப்படியானால் பிள்ளைகளில் ஒவ்வொருவருக்கும் நான்கில் ஒரு வாய்ப்பு. தம்பிக்கும் 200-க்குக் கீழே வந்தது. பதினைந்து வருடம் "ரத்தம் கம்மி" என்று நம்பியிருந்த அத்தைக்கும் அதேதான்.

அம்மா தயங்கித் தயங்கி ஒன்று கேட்டார். "கல்யாணம் பேசறப்ப இதை மாப்பிள்ளை வீட்டுல சொல்லணுமா மேடம்?" இது நோய் இல்லை, பிள்ளை பெறத் தடை இல்லை, அன்றாட வாழ்க்கையில் எந்தக் கட்டுப்பாடும் இல்லை, மயக்க மருந்து டாக்டரிடம் மட்டும் கட்டாயம் சொல்ல வேண்டும் என்றேன். பல் பிடுங்கும்போது ஊசி போடலாமா என்று அப்பா கேட்டார். தாராளமாக. லிக்னோகெய்னும், முதுகில் போடுகிற புபிவாகெய்னும் கல்லீரலில் உடைகிறவை, இந்த நொதிக்கும் அவற்றுக்கும் சம்பந்தம் இல்லை. குளோரோபுரோகெய்ன் என்றால் யோசிக்க வேண்டும்.

மூன்று பேருக்கும் ஒரு அட்டை எழுதி லேமினேட் செய்து கொடுத்தேன். "சக்ஸமெத்தோனியம் என்கிற ஸ்கோலினும், மிவாகூரியமும் தரக்கூடாது" என்று பெரிய எழுத்தில். கீழே பரிசோதனை எண், தேதி, என் தொலைபேசி எண்.

அடுத்த வருடம் தம்பிக்கு அதே தியேட்டரில் குடலிறக்க ஆபரேஷன் வந்தது. முதுகில் ஊசி போட்டே செய்யலாம் என்றேன். கத்தரிக்கும் சத்தம் கேட்கும், வேண்டாம், முழுக்கத் தூங்க வைத்துவிடுங்கள் என்றான். புரொபோஃபால், ஃபென்டனில், அட்ராகூரியம். அட்ராகூரியம் உடம்புச் சூட்டிலும் ரத்தத்தின் காரத்தன்மையிலும் தானாகவே சிதைந்துவிடுவது, அதற்கு இந்த நொதி தேவையில்லை. முடிவில் அதைத் திருப்பவும் நியோஸ்டிக்மினைத் தவிர்த்தேன். தானாகத் தீரட்டும் என்று காத்திருந்தேன். இம்முறை அளந்து சொல்லும் கருவி கடன் வாங்கி வைத்திருந்தேன், தூங்குவதற்கு முன்பே மணிக்கட்டில் ஒட்டியாயிற்று.

வெளியே பெஞ்சில் அக்கா உட்கார்ந்திருந்தாள். கதவு திறந்ததும் எழுந்து நின்றாள். "கட்டைவிரல் அசைஞ்சுதா டாக்டர்?" என்றாள்.

"நாலும் அசைஞ்சுது. அதைப் பாத்துட்டுத்தான் மூடினேன்."

அவள் உள்ளே எட்டிப் பார்த்தாள். தம்பி தண்ணீர் கேட்டுக்கொண்டிருந்தான்.